கையடக்க மலை ரயில்: ஆசைப் பட்டியலில் விட்டுப்போனது எது?

தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குச் செல்லும் மலை ரயில் பாதை 1904ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அது மீட்டர் கேஜ் பாதை. அதாவது, இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி. பதின்மூன்று கண் பாலம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம், முன்னால் ஓர் எஞ்சினும் பின்னால் ஓர் எஞ்சினுமாக ஏறிச் செல்லும் வண்டி ஆகியவை இப்பாதையின் அடையாளங்கள். 2010 செப்டம்பரில் மலைப் பகுதியில் மீட்டர் கேஜ் ரயில் நின்றது. 2018இல் அதே மலையில் அகல ரயில் பாதை திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வண்டி மாறாமல் கொல்லம் போக முடிகிறது. இது நல்லதே.

ஆனால் பழைய வண்டியை மறக்க முடியாதவர்கள் எங்கள் பக்கத்தில் பலர் உண்டு. அதைச் சிறிய அளவில் செய்து, வீட்டு மேசைமேல் ஓடவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. தென்காசியிலோ செங்கோட்டையிலோ இத்தகைய ரயில் பிரியர்களிடம் சிறிது நேரம் பேசினால் போதும். ஒரு நீண்ட பட்டியல் வந்துவிடும். நம் ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சின் சிறிய மாதிரியாகக் கடையில் கிடைக்க வேண்டும். அலமாரியில் அடங்கும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். எட்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மலை ஏற வேண்டும். பின்னணியில் குற்றாலத்து அருவி உண்மையாகவே விழ வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் முப்பரிமாண அச்சுப் பொறி அனைத்தையும் செய்து தந்துவிடும்.

இந்த ஆசைகளில் எவை நடக்கக்கூடியவை, எவை இயற்கை விதிகளுக்கு மாறானவை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆசையைக் கேலி செய்வது நோக்கமன்று. பட்டியலின் முதல் வரியாக இருக்க வேண்டிய ஒன்று அதில் காணப்படவில்லை என்பதே என் குறை.

இரண்டு எண்கள்

மாதிரி ரயிலைப் பற்றிப் பேசும்போது இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று அளவு விகிதம். உண்மைப் பொருள் எத்தனை மடங்கு சுருக்கப்பட்டது என்பதை அது சொல்லும். மற்றொன்று மாதிரித் தண்டவாளங்களின் இடைவெளி.

உலகில் மிகப் பரவலாக வழங்கும் எச்.ஓ. அளவில் விகிதம் 1:87. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இவ்விரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 1,435 மி.மீ. வருகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் பாதையின் அகலம் இதுவே. நம் அகலப் பாதையோ 1,676 மி.மீ. ஆகவே எச்.ஓ. தண்டவாளத்தின் மேல் நம் அகல ரயிலை நிறுத்தினால், பாதை ஏறத்தாழ 14 விழுக்காடு குறுகிவிடும்.

மீட்டர் கேஜுக்கு நிலைமை இதைவிட நல்லது. சுவிட்சர்லாந்து மலைகளில் ஓடும் ரேட்டியன் ரயில்வேயும் மீட்டர் கேஜ்தான். அதை 1:87 அளவில் செய்பவர்கள் 12 மி.மீ. தண்டவாளத்தைப் பயன்படுத்துகிறார்கள். 12ஐ 87ஆல் பெருக்கினால் 1,044 மி.மீ.; பிழை 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. இதற்கு எச்.ஓ.எம். என்று பெயர். 1:120 விகிதமுள்ள டி.டி. அளவில் மீட்டர் கேஜுக்கு 9 மி.மீ. தண்டவாளம் வழங்குகிறது, பிழை 8 விழுக்காடு. 1:160 அளவில் 6.5 மி.மீ. தண்டவாளம் வேண்டும், பிழை 4 விழுக்காடு.

ஆக, எண்கள் நமக்கு எதிராக இல்லை. செங்கோட்டையில் 2004 முதல் சில ஆண்டுகள் அகலப் பாதையும் மீட்டர் பாதையும் அருகருகே இருந்தன. அக்காட்சியைக் கூட 16.5 மி.மீ., 12 மி.மீ. தண்டவாளங்களைக் கொண்டு ஒருவாறு அமைத்துவிடலாம். இனி ஆசைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"சின்னதாக வேண்டும்"

மீட்டர் கேஜ் பயணிப் பெட்டியின் நீளம் சுமார் 19.5 மீட்டர். 1:87இல் அது 22 செ.மீ.; 1:120இல் 16 செ.மீ.; 1:160இல் 12 செ.மீ. எட்டுப் பெட்டிகளும் ஓர் எஞ்சினும் சேர்ந்தால் முறையே 2 மீட்டர், 1.4 மீட்டர், 1.1 மீட்டர். சிறிய வீட்டில் வாழ்பவர் சிறிய அளவை விரும்புவது இயல்பே.

வளைவுகளை நினைத்தால் இந்த விருப்பம் இன்னும் வலுப்பெறும். ரயில்வேயில் 10 பாகை வளைவு என்பது 175 மீட்டர் ஆரமுள்ளது. மலையில்தான் இத்தகைய கடும் வளைவைக் காண்போம். அதையே 1:87இல் சுருக்கினால் ஆரம் 2 மீட்டர். முழு வட்டம் போட 4 மீட்டர் அகலமுள்ள அறை வேண்டும்! கடையில் வரும் வளைவுத் தண்டவாளமோ பெரும்பாலும் அரை மீட்டருக்கும் குறைந்த ஆரமுள்ளது. ஒரு பெட்டியின் இரு போகிகளுக்கும் நடுவே 15 செ.மீ. தூரம் என்று கொள்வோம். 36 செ.மீ. ஆரமுள்ள வளைவில் அப்பெட்டியின் நடுப்பகுதி பாதையின் மையத்திலிருந்து 8 மி.மீ. உட்புறமாகத் தள்ளும். 2 மீட்டர் ஆரமானால் ஒன்றரை மி.மீ.தான் தள்ளும். சுரங்க வாயிலை உண்மை அளவில் செய்துவிட்டு வளைவைக் கடையில் வாங்கினால், பெட்டி வாயிலில் இடித்து நிற்கும்.

ஆனால் சிறிதாக்குவதற்கு ஒரு விலை உண்டு. நீளம் 87 மடங்கு குறையும்போது எடை 87 மடங்கு மட்டும் குறைவதில்லை. 87ஐ மூன்று முறை பெருக்கி வரும் அளவுக்கு, அதாவது ஆறரை லட்சம் மடங்குக்கு மேல் குறைகிறது. ஒய்.டி.எம்.-4 எஞ்சினின் எடை 72 டன். 1:87இல் அது 109 கிராம். 1:120இல் 42 கிராம். 1:160இல் 18 கிராம்தான். ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தின் எடை கூட இராது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். மாதிரி எஞ்சின் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மின்சாரம் பெறுகிறது. இந்த எஞ்சினுக்குப் பன்னிரண்டு சக்கரங்கள். 1:87இல் ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தை 9 கிராம் எடையோடு அழுத்துகிறது. 1:160இல் ஒன்றரை கிராம். உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடு ஏடும் தூசும் அளவு விகிதத்துக்கு ஏற்பச் சிறுத்துக்கொள்வதில்லை. ஆனியிலும் ஆடியிலும் சாரல் காற்று ஈரத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் குற்றாலம், தென்காசிப் பகுதியில், இவ்வளவு லேசான எஞ்சின் அடிக்கு ஒரு முறை தயங்கி நிற்பதில் வியப்பில்லை. உட்புறம் ஈயம் அல்லது டங்ஸ்டன் வைத்து எடை கூட்டலாம். சிறு மின்தேக்கியோ மின்கலமோ வைக்கலாம். ஆனால் மிகச் சிறிய உடலில் அவற்றுக்கு இடம் ஏது? சிறியது வேண்டும் என்பவர் இதையும் எண்ணிப் பார்த்துக் கேட்க வேண்டும்.

"எட்டுப் பெட்டியோடு மலை ஏற வேண்டும்"

இதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 40 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றம் என்று கொள்வோம். பெட்டி ஒன்று 30 டன் என்றால், 1:87இல் 46 கிராம். எட்டுக்கு 368 கிராம். எஞ்சினோடு சேர்த்து வண்டியின் எடை 477 கிராம். ஏற்றத்தில் இதை மேலே இழுக்க எடையில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 12 கிராம் எடைக்கு ஈடான விசை வேண்டும். பெட்டிகளின் சக்கர உராய்வுக்கு நூற்றுக்கு இரண்டு என்று வைத்தால் மேலும் 7 கிராம். மொத்தம் 19.

எஞ்சின் எவ்வளவு இழுக்கும்? சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையேயான உராய்வுக் கெழு 0.2 என்றால், 109 கிராமில் ஐந்தில் ஒரு பங்கு: 22 கிராம். வண்டி மயிரிழையில் ஏறிவிடும். வளைவு ஒன்று குறுக்கிட்டால் சக்கரம் வழுக்கிச் சுற்றும்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எஞ்சினும் பெட்டியும் ஒரே விகிதத்தில் லேசாவதால், அளவை மாற்றினாலும் இந்தக் கணக்கின் முடிவு மாறுவதில்லை. ஆகவே "பெரிய கம்பெனி செய்தால் நன்றாக இழுக்கும்" என்பது பொருளற்ற நம்பிக்கை. ரயில்வே பொறியாளர்கள் கண்ட வழியே வழி: பின்னால் இன்னோர் எஞ்சினை மாட்டித் தள்ளவிட வேண்டும். மலை ரயிலின் அழகும் அதில்தான் இருக்கிறது. இந்த ஆசை நிறைவேறும். ஒன்றுக்கு இரண்டாக எஞ்சின் வாங்க வேண்டும், அவ்வளவே.

"அருவி உண்மையாக விழ வேண்டும்"

இதை மட்டும் தயங்காமல் மறுக்கலாம். 52 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் தரையைத் தொட மூன்று விநாடிக்கு மேல் ஆகும். அதை 1:87இல் 60 செ.மீ. ஆக்கினால் நீர் மூன்றில் ஒரு விநாடியில் விழுந்துவிடும். புவியீர்ப்பை நாம் சுருக்க முடியாது. பேரருவியின் அசைவில் உள்ள அந்தக் கம்பீரம், குழாயடியின் அவசரமாகிவிடும்.

நீர்த்துளியும் சுருங்க மறுக்கும். பரப்பு இழுவிசை காரணமாக மேசைமேலும் துளி இரண்டு மி.மீ. அளவில்தான் உருவாகும். 87ஆல் பெருக்குங்கள்: 17 செ.மீ. அருவியில் குளிக்கும் மாதிரி மனிதர்களின் தலையில் தேங்காய் தேங்காயாக விழும்! ஒளி ஊடுருவும் பிசினையும் பஞ்சிழையையும் கொண்டு அசையாத அருவி செய்வதே கண்ணுக்கு உண்மையாகத் தோன்றும். எஞ்சின் புகைக்கும் இதே நியாயம் பொருந்தும்.

"கடையில் கிடைக்க வேண்டும்"

பட்டியலின் தலையாய ஆசை இது. பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனம் 2022இல் 1:120 அளவில் ஒரு புதிய வரிசையைத் தொடங்கியது. அத்தகைய நிறுவனம் ஒன்று நம் எஞ்சினையும் ஒருநாள் செய்யாதா என்று ஏங்குகிறார்கள்.

பிளாஸ்டிக் உடலை வார்க்க எஃகு அச்சு வேண்டும். அச்சுச் செலவு 20 லட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 5,000 பேர் வாங்கினால் தலைக்கு 400 ரூபாய். 200 பேர் மட்டும் வாங்கினால் தலைக்கு 10,000. அந்த 200 பேரும் ஆளுக்கோர் அளவாக ஐந்து விகிதங்களில் பிரிந்து நின்றால், ஒவ்வோர் அளவுக்கும் 40 பேர். தலைக்கு 50,000 ரூபாய். இது அச்சுக் கூலி மட்டும். மோட்டாரும் சக்கரமும் வண்ணப் பூச்சும் தனி.

நம் ரயில் பிரியர்கள் செய்வது இந்த மூன்றாவது கணக்கைத்தான். ஒருவர் எச்.ஓ. என்கிறார், மற்றவர் டி.டி. என்கிறார், இன்னொருவர் கிடைத்த தண்டவாளத்துக்கு ஏற்பப் பெட்டியை வெட்டுகிறார். ஒருவர் செய்த வண்டி மற்றவர் பாதையில் ஓடாது. ஆளுக்கொரு திசையில் இழுக்கும் தேர் நிலையை விட்டு நகருமா?

வெளிநாட்டு அனுபவத்திலிருந்து கற்க வேண்டியது இதுவே. பிரிட்டனில் ட்ரை-ஆங் நிறுவனம் 1957இல் டி.டி. ரயில்களை வெளியிட்டது. தண்டவாளம் 12 மி.மீ.; விகிதம் 1:101.6. ஐரோப்பாவிலோ அதே 12 மி.மீ. தண்டவாளத்துக்கு விகிதம் 1:120. ஒன்றோடு ஒன்று ஓடும், ஆனால் ஒன்றன் அருகே மற்றொன்று பொருந்தாது. ட்ரை-ஆங்கின் டி.டி. அடுத்த பத்தாண்டிலேயே நின்றது. 2022இல் ஹார்ன்பி மீண்டும் தொடங்கியபோது 1:120 என்ற பொது எண்ணையே எடுத்துக்கொண்டது.

இன்னோர் எடுத்துக்காட்டு: பிரிட்டனின் ஓ.ஓ. அளவு. அந்நாட்டு எஞ்சின்கள் உடல் சிறியவை. அக்கால மோட்டார்கள் பெரியவை. மோட்டாரை உள்ளே அடைப்பதற்காக உடலை மட்டும் 1:76க்குப் பெருக்கிவிட்டு, தண்டவாளத்தை 16.5 மி.மீ.லேயே விட்டுவிட்டார்கள். உண்மையில் அது ஏறத்தாழ 19 மி.மீ. இருந்திருக்க வேண்டும். மோட்டார்கள் எப்போதோ சிறியவாகிவிட்டன. அந்தப் பொருத்தமின்மை இன்றும் நீங்கவில்லை. ஏனெனில் லட்சக்கணக்கான வீடுகளில் அந்தத் தண்டவாளம் கிடக்கிறது. முதலில் பிடித்த எண்ணை விடுவது அவ்வளவு கடினம்.

இதை உணர்ந்துதான் அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர்கள் 1935இல் மில்வாக்கி நகரில் கூடித் தேசியச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட வேலை, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது அளவு வகுப்பது. ஐரோப்பியச் சங்கங்கள் 1954இல் ஒன்றுகூடி அதையே செய்தன. எந்த எஞ்சின் வர வேண்டும் என்று கேட்பதற்கு முன், எந்த எண்ணில் வர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பல நிறுவனங்கள் ஒரே சந்தைக்குப் பொருள் செய்ய அதனால்தான் முடிந்தது.

"அச்சுப் பொறி செய்து தரும்"

முப்பரிமாண அச்சுப் பொறி வந்த பிறகு இந்தத் தொல்லை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இந்த ஆசையில் உண்மை நிறையவே உண்டு. அப்பொறிக்கு எஃகு அச்சு வேண்டாம். ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் ஒன்றின் விலை ஏறத்தாழ ஒன்றே. பிசின் வகைப் பொறி 0.05 மி.மீ. ஏடுகளாக அடுக்குகிறது. 1:87இல் அது உண்மையில் 4 மி.மீ.க்குச் சமம். கதவுக் கைப்பிடி, சன்னல் கம்பி, தறையாணி வரையில் காட்டிவிடலாம். சக்கரம், அச்சு, பற்சக்கரம் போன்றவற்றை உலோகத்தில் வாங்கி, உடலை மட்டும் இங்கே அச்சிட்டுக்கொள்ளலாம். எச்.ஓ.எம்.முக்குத் தேவையான 12 மி.மீ. தண்டவாளமும் சக்கரங்களும் ஐரோப்பாவில் முறையாகச் செய்யப்படுகின்றன. ஆகவே நான் பார்த்தவரையில், நம் மலை ரயிலுக்கு 1:87 விகிதமும் 12 மி.மீ. தண்டவாளமுமே ஏற்றவை. எஞ்சினுக்கு எடை வைக்க இடமுண்டு. பாதை அகலத்தில் பிழை குறைவு. அண்டையில் அகல ரயிலையும் நிறுத்தலாம். இடம் போதாதவர்கள் பெட்டிகளைக் குறைக்கட்டும், விகிதத்தைக் குறைக்க வேண்டாம்.

ஆனால் அச்சுப் பொறிக்கு ஒரு வரைபடம் கொடுக்க வேண்டும். சன்னலின் அகலம் எத்தனை? கூரையின் வளைவு எவ்வளவு? நடைமேடைக் கூரையைத் தாங்கிய தூணின் உயரம் என்ன? பொறி கேட்கும் இக்கேள்விகளுக்கு நினைவு விடை தராது. "அந்தப் பெட்டி அழகாக இருக்கும்" என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. அது எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல எத்தனை பேர் உண்டு?

விட்டுப்போன வரி

ஆசைப் பட்டியலில் விட்டுப்போனது அளவுதான். ஒரு பொது எண்ணும், அளவெடுத்த வரைபடங்களும். இவையில்லாமல் பட்டியலில் உள்ள எதுவும் வராது. வந்தாலும் சரியாக வராது. இவை இருந்தால், எந்த நிறுவனமும் முன்வராவிட்டாலும் நாமே தொடங்கிவிடலாம்.

இதில் அவசரமும் உண்டு. திருநெல்வேலி பக்கத்துப் பாதை 2012இல் அகலப் பாதையாகிவிட்டது. 2018இல் மலையும் மாறிவிட்டது. சுரங்கங்களும் நடைமேடைகளும் அகல ரயிலுக்கேற்பத் திருத்தப்பட்டுவிட்டன. பழைய ஊர்திகளில் சில அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. பதின்மூன்று கண் பாலம் அதன் இடத்திலேயே இருக்கிறது. சாலையில் நின்றே பார்க்கலாம். மற்றவை புகைப்படங்களிலும், அப்பாதையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களின் நினைவிலும்தான் உள்ளன. புகைப்படம் மங்கும், நினைவு அதற்கு முன்னே மங்கிவிடும்.

நல்ல வேளையாக, பழைய புகைப்படத்திலிருந்தும் அளவெடுக்க முடியும். எஞ்சினை நேர் முன்னிருந்து எடுத்த படம் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாள இடைவெளி 1,000 மி.மீ. என்பது நமக்குத் தெரியும். படத்தில் அது 20 மி.மீ. என்றால், படத்தின் ஒரு மி.மீ. உண்மையில் 50 மி.மீ. எஞ்சின் முகப்பின் அகலம் படத்தில் எத்தனையோ, அதை 50ஆல் பெருக்கினால் விடை.

ஓர் எச்சரிக்கை: தண்டவாளத்தை அளக்கும் இடமும் முகப்பும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும். 10 மீட்டரிலிருந்து எடுத்த படத்தில், 2 மீட்டர் பின்னால் உள்ள பகுதி 17 விழுக்காடு சிறுத்துத் தெரியும். 50 மீட்டரிலிருந்து எடுத்திருந்தால் பிழை 4 விழுக்காடுதான். ஆகவே தொலைவிலிருந்து எடுத்த படமே அளவெடுக்க ஏற்றது. ஒரே பொருளைப் பல படங்களில் அளந்து சராசரி காண்பது இன்னும் நல்லது. பத்தாம் வகுப்பில் படித்த ஒத்த முக்கோணங்கள் போதும். வேறு கணிதம் தேவையில்லை.

மாணவர்களே, இதை நீங்கள் விடுமுறையில் செய்யலாம். ஓடும் பாதையில் இறங்காதீர்கள்; அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. நிலையக் கட்டடத்தை அளக்க நிலைய அதிகாரியிடம் அனுமதி கேளுங்கள். வீட்டில் உள்ள பழைய படங்களைத் தேடுங்கள். எடுத்த ஆண்டையும் இடத்தையும் பின்புறம் எழுதி வையுங்கள். அளந்த ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்றும் குறியுங்கள். பிழையைக் குறிக்காத அளவு, பாதி அளவுதான்.

நூறு வரைபடங்கள் சேர்ந்த பிறகு எந்த நிறுவனத்தின் கதவையும் தட்டலாம். நிறுவனம் கதவைத் திறக்காவிட்டால், ஊரில் உள்ள அச்சுப் பொறிக் கடைக்குப் போகலாம். இரண்டுக்கும் எடுத்துச் செல்ல வேண்டிய தாள் ஒன்றே.